நாலாம் கையின் கொப்பி

1. நாற்பத்தோராம் கேள்வி

நாற்பத்தோராம் கேள்வி மின்னஞ்சலில் வந்த காலை, இடியப்பப் பார்சலைப் பிரித்த நான் அப்படியே மூடி வைத்துவிட்டேன். "உங்கள் விளையாட்டில் அதிக நேரம் இருக்கும் பாவனையாளர்களில் ஐந்து பேர் ஒரே இணைய முகவரியிலிருந்து வருகிறார்கள். அது உங்கள் அலுவலகத்தின் முகவரி. விளக்கம் தரவும்." இவ்வளவுதான். கீழே வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் ஒப்பமிட ஒரு கோடு. அந்தப் பொறுப்பாளர் நான்.

எங்கள் ஒபிஸ் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், டியூஷன் வகுப்புக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பிள்ளைகள் இரசாயனவியல் பாடமாக்குவார்கள். கரையோர ரயில் போனால் மேசையில் தேத்தண்ணி ஆடும். மொத்தம் பதினொரு பேர். நாங்கள் செய்தது ஒரேயொரு விளையாட்டு. முந்நூற்றி நாலு என்று எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் விளையாடுகிற அதே சீட்டாட்டத்தை ஃபோனில் விளையாட வைத்தோம். கனடாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒருவர் என்று ஒரே மேசையில் இருந்து ஆடலாம்.

சிங்கப்பூர் முதலீட்டுக் கம்பனி ஒன்று எங்களை முழுதாக வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வாங்குகிறவர்கள் முதலில் 'டேட்டா ரூம்' என்று ஒன்று திறக்கச் சொல்வார்கள். உங்கள் ஒப்பந்தங்கள், மென்பொருள் கோட், பாவனையாளர் விபரம் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். பிறகு கேள்விகள் வரும். எங்களுக்கு அறுபது கேள்விகள் வந்தன. மரக்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற மாதிரித்தான். புழு இருந்தால் விலை இறங்கும், அல்லது ஆள் அடுத்த கடைக்குப் போய்விடும்.

ஆள் அடுத்த கடைக்குப் போனால் மூன்று மாதத்தில் பூட்டு என்று எங்கள் முதலாளி சுதர்சன் முன்னமே சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அந்த வயதுப் பெண்ணைக் கொழும்பில் எந்த கேம் கம்பனி புதிதாக எடுக்கும்? எங்கள் பிரிவில் என்னோடு இருந்த ரிஸ்வான் அந்த வருடம்தான் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். மற்றவள் வாசுகிக்கு ஏழாம் மாதம். கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

2. அந்த ஐந்து பேர்

இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வந்து நாலாவது ஆள் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. வீட்டில் என்றால் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். ஒபிஸிலும் அதைத்தான் செய்தோம். ஒரு மேசையில் மூன்று பேர் ஒரு நிமிடம் காத்திருந்தால் எங்கள் திரையில் மணி அடிக்கும். எங்கள் மூவரில் யாருக்குக் கை ஓய்வோ அவர் போய் உட்காருவார். அதற்கு நாலாம் கை என்று பெயர் வைத்திருந்தோம். இதற்கென்றே ஐந்து பெயரில் எக்கவுண்ட் இருந்தது. அதில் பேர்போனது 'தவம்'. ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர். ஆகவே மூன்று பேருக்கும் வசதி.

ஆட்டத்தின் ஓரத்தில் எழுதிக் கதைக்க ஒரு பெட்டி உண்டு. ஆட்கள் சீட்டைப் போட்டுக்கொண்டே வீட்டுக் கதை எல்லாம் சொல்வார்கள். கனடாவில் பொன்னையா என்று ஒரு ஐயா. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து அவர் வருகிற நேரம் எங்களுக்குக் காலை. ஒரு நாள் தன் மனைவி படியில் விழுந்துவிட்டார் என்று வாசுகியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் தவமாக இருந்த ரிஸ்வான் ஒன்றும் தெரியாமல் "வீட்டில எல்லாரும் சுகமா?" என்று எழுதிவிட்டான்.

"நேற்றுச் சொன்னதை அதுக்கிடையில மறந்துபோனீரோ தவம்?" என்று எழுதிவிட்டு மனுஷன் பாதி ஆட்டத்தில் எழும்பிப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே நான் கீழே கடையில் தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். யார் என்ன சொன்னார் என்று அதில் எழுதிவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்ப வேண்டும். அடுத்து உட்காருகிறவர் வாசித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். "பொன்னையா ஐயா. மனிசிக்கு முழங்கால் ஒப்பரேஷன். எப்படி என்று கேட்கவும்." இப்படிப் பக்கம் பக்கமாக. நாலு வருடத்தில் அந்தக் கொப்பி தேங்காய்ப் பாதி மாதிரி உப்பிவிட்டது.

இது ஏமாற்று என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சிங்கப்பூர்க் கம்பனிக்காரரிடம் சுதர்சன் பெருமையாகக் காட்டிய விளக்கப்படத்தில் "எங்கள் மேசைகள் எதுவும் இரண்டு நிமிடம் காத்திருப்பதில்லை" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவர்களுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அந்த வரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நாங்கள் மூன்று பேர் என்பது நாற்பத்தோராம் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

3. மூன்று நாள்

"அக்கா, கேமைச் சோதிச்சுப் பாக்கிற டெஸ்ட் எக்கவுண்ட் எண்டு ஒரு வரி எழுதி விடுங்கோ. முடிஞ்சுது" என்றார் சுதர்சன்.

"டெஸ்ட் எக்கவுண்ட் ஏன் சுதர்சன் பொன்னையாவின்ட மனிசியைச் சுகம் விசாரிக்குது?"

"இந்த நேரம் பகிடி விடாதேங்கோ அக்கா. பதினொரு பேரின்ட சோறு."

நான் பகிடி விடவில்லை. பயந்தால் என் வாய் அப்படித்தான் போகும்.

ரிஸ்வான் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்: "பொய் எழுதினாலும் நிக்காது அக்கா. லொக்ல எல்லாம் பதிஞ்சி ஈக்கிது. யாரு எந்த நேரம் இருந்த, என்ன எழுதின, எல்லாம்." வாசுகி வயிற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் அந்தப் பதிலை எழுதி எழுதி அழித்தேன். உண்மையை எழுதினால் பதினொரு பேர் தெருவில். பொய்யை எழுதினால் கீழே என் ஒப்பம். மணி அடிக்கும்போதெல்லாம் போய் உட்காரவும் பயம், உட்காராமல் விடவும் பயம்.

4. கொட்டாஞ்சேனைப் பிள்ளை

நாலாம் நாள் சிங்கப்பூர்க் கம்பனி கொழும்பில் இருந்த தன் ஆளையே அனுப்பிவிட்டது. நிரோஷா என்று ஒரு பிள்ளை, கொட்டாஞ்சேனை, முப்பது வயதுக்குள் இருக்கும். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அக்கா, எங்க அப்பாவும் இந்த கேம் விளையாடுறவர் தான். ஒளிக்காம சொல்லுங்க. இந்த அஞ்சு பேரும் பொட் தானே?"

பொட் என்றால் ஆள் மாதிரி விளையாடுகிற மென்பொருள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்று நாளாக இருந்த பயம் போய்க் கோபம் வந்தது.

"பொட் இல்லைப் பிள்ளை. அது நாங்கள் தான்."

"நீங்கன்னா யாரு?"

"நான், ரிஸ்வான், வாசுகி. நாலாவது ஆள் இல்லாட்டி நாங்கள் போய் இருப்பம்."

"அத எப்படி நான் அங்க நிரூபிக்கிறது அக்கா?"

நான் மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்து அவள் முன்னால் போட்டேன். மூன்று கையெழுத்து, நாலு வருடம், தேத்தண்ணிக் கறை. அவள் அரை மணித்தியாலம் வாசித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இத கொண்டு போய் ஸ்கேன் எடுத்துட்டு தரட்டா?"

"கொண்டு போங்கோ" என்றேன். அந்த நேரத்து ஆறுதலில் கதிரையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கேள்விக்கு உண்மையையே எழுதி, கீழே ஒப்பமும் வைத்தேன்.

5. சொத்துப் பட்டியல்

அந்த ஐந்து பேரையும் கணக்கிலிருந்து வெட்டி, விலையைக் குறைத்து, ஆனாலும் வாங்கினார்கள். சுதர்சன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் மரக்கறி ரொட்டி இரண்டைப் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒப்பந்தத்தின் கடைசியில் சொத்துப் பட்டியல் இருந்தது. கோட், பெயர், மேசை, கதிரை என்று போய், "நாலாம் கை உரையாடற் குறிப்புகள், கொப்பி ஒன்று" என்றும் இருந்தது. எங்கள் கிறுக்கல் எழுத்துக்கும் மதிப்பு இருக்கிறதே என்று மூவரும் சிரித்தோம்.

நாலு மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன. நாலாம் கை இனி மென்பொருள். மூன்று பேர் தேவையில்லை, ஒருவர் போதும். வாசுகிக்குப் பிள்ளை பிறந்து லீவு முடிகிற கிழமை அது. ரிஸ்வான் கொப்பி இருந்த லாச்சியைத் துடைத்துத் தந்துவிட்டுப் போனான். பழைய நடைமுறை தெரிந்தவர் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

6. முழங்கால்

புதிய தவம் இரண்டு செக்கனில் உட்கார்ந்துவிடும். மணி அடிக்கத் தேவையே இல்லை. ஒரு காலை பொன்னையா ஐயாவிடமிருந்து முறைப்பாடு வந்திருந்தது.

"தவம் ஒவ்வொரு நாளும் மனிசியின்ட முழங்கால் எப்படி எண்டு கேக்குது. மனிசி செத்து நாப்பத்தஞ்சு நாள். அதையும் சொன்னன். கேக்கச் சந்தோஷம் ஐயா எண்டு எழுதிப்போட்டு அடுத்த நாளும் கேக்குது."

அந்த முழங்கால் வரி என் கையெழுத்து. உடனே நிரோஷாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அந்தக் கொப்பிய வச்சு தான் அக்கா அது பேசுது. இந்த வரிய எடுக்கச் சொல்றேன்."

"முழுக் கொப்பியையும் எடுக்கச் சொல்லுங்கோ பிள்ளை."

"அது ஏலாது அக்கா. அது இப்ப கம்பனிட சொத்து." அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

நான் படித்தது இதுதான். உங்கள் இடத்தையும் ஒருநாள் யாராவது வாங்க வரலாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அதைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் கவலைப்படவில்லை. ஆனால் கையிலிருந்து ஒன்றைக் கொடுக்கும்போது அது எங்கே போகும், யார் வாசிப்பார்கள், எதற்கு என்று விசாரியுங்கள். அறுபது கேள்விக்கும் பதில் எழுதிய நாங்கள் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதோடு, அந்தக் கொப்பியைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? அது பொன்னையா வீட்டுக் கதை.

முறைப்பாட்டுக்கு அனுப்ப ஆயத்தமாக ஒரு மன்னிப்புக் கடிதம் இருந்தது. அதை விட்டுவிட்டு நானே எழுதினேன். வேலை போகும் என்று தெரிந்துகொண்டே: "ஐயா, தவம் எண்டு ஒராள் இல்லை. முந்தி நாங்கள் மூண்டு பேர் மாறி மாறி இருந்தனாங்கள். இப்ப மெஷின் இருக்குது. முழங்காலை எழுதி வைச்சது நான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அடுத்த நாள் பதில் வந்தது.

"மூண்டு பேர் எண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும் பிள்ளை. விளையாட்டில தெரியாதே? ஒராள் கையில ஒண்டும் இல்லாமலே துணிஞ்சு புள்ளியை ஏத்திக் கேக்கும். ஒராள் கெதியா முடிச்சுப்போட்டு எழும்பப் பாக்கும். மற்ற ஆள் நல்ல கை வந்தாலும் பயந்து பயந்து தான் போடும். மனிசிக்கு அந்தப் பயந்த ஆளில தான் விருப்பம். பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு, பயப்பிடாமல் போடும் பிள்ளை எண்டு ஃபோனுக்குச் சொல்லிக் கொண்டிருப்பா. அந்த ஆள் இன்னும் வேலையில இருக்கோ?"

பயந்த ஆள் நான்தான். நாலு வருடமாகக் கனடாவில் ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். கொப்பியில் அவரை நாங்கள் 'மனிசி' என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். திரும்ப எழுதினேன்:

"இருக்கிறன் ஐயா. அம்மாவின்ட பேர் என்ன?"