ண-வின் தலையில் ஒரு வெளிச்சம்

முன்னறையில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடிகிற இருமல். அவருடைய அக்காவின் இருமல். அதைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது.

“உன் வீட்டுக்காரர் இருக்காராம்மா?”

“உள்ள வேலையா இருக்காங்க, அண்ணி. உக்காருங்க,” என்றாள் அவர் மனைவி.

“உக்கார வரல. ஒரு புள்ளியைப் பத்திக் கேக்கணும்.”

அச்சகத் தெருவில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பளபளா என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கடைப் பலகைகளுக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் எழுத்து வடிவமைக்கிறார். எழுத்தை இன்னொரு பிரதி எடுத்து, அதன்மேல் ஒரு நீள்வட்டத்தை வைத்து வெட்டி, கிடைத்த மேல்பாதிக்கு வெள்ளை பூசி, அந்த வெள்ளையைக் கீழே வர வரக் கரையவிடுவார். தட்டையாகக் கிடந்த எழுத்து எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் எழுந்து நிற்கும். கடைசியாக, முக்கியமான சொல்லின் இரண்டாம் எழுத்தில் ஒரு மின்னல் பொட்டு வைப்பார். கண் முதலில் போய் விழுகிற இடம் அதுதான் என்பது அவர் கட்சி.

மினுக்கம் இல்லாமல் ஒரு எழுத்தை விட அவரால் முடியாது. பஞ்சர் கடைக்கும் மினுக்கினார், ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ பலகைக்கும் மினுக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது இரங்கல் அட்டையை அவரே செய்தார். ஊர்க் கடைக்காரர்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, பெற்ற தகப்பனுக்குக் குறைத்துப் போட மனம் வரவில்லை. அப்பாவின் பெயர் தங்க நிறத்தில் தகதகத்தது. அட்டையை வாங்கிய ஒருவர் கடை என்றைக்குத் திறப்பு என்று கேட்டார். கேட்டது அக்காவிடம். அன்றோடு அக்கா தம்பியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் அச்சகத்திலிருந்து ஒரு திருமணத் தட்டி வேலை வந்தது. மணமகளின் பெயரைப் பார்த்தார். அக்காவின் மகள். அவருக்குப் பத்திரிகை வரவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கு நான்கு நாள் உட்கார்ந்து மினுக்கம் போட்டார். தட்டியைப் பார்க்கிற நேரத்திலாவது அக்காவுக்குத் தன் ஞாபகம் வராதா என்று ஒரு நப்பாசை.

ஞாபகம் வந்துதான் இருக்கிறது.

அக்கா உள்ளறைக்குள் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கையில் செல்பேசி. அதில் அச்சகம் அனுப்பிய தட்டியின் படம்.

“ஏம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னு படிக்கச் சொல்லு.”

மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். “என்னங்க, படிக்கணுமாம்.”

“மணவிழா வரவேற்பு.”

“மணவிழா வரவேற்பாம், அண்ணி.”

“என் காது நல்லாத்தான் இருக்கு. கண்ணும் நல்லாத்தான் இருக்கு. ண மேல புள்ளி நிக்குது. மண்விழா. சம்பந்தி வீட்ல, மண்ணு யார் தலையில விழப்போகுதுன்னு கேக்குறாங்க. பொண்ணு காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

அவர் திரையைப் பார்த்தார். மின்னல் பொட்டு ண-வின் தலையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. நான்கு நாளும் அவர் எழுத்தைப் பார்த்தாரே ஒழியப் படிக்கவில்லை.

“அது புள்ளி இல்ல, வெளிச்சம்னு சொல்லு.”

“வெளிச்சமாம், அண்ணி.”

“வெளிச்சத்துக்கு வேற எடமே கெடைக்கலையான்னு கேளு.”

சமாதானம் செய்வதாக நினைத்து மனைவி வாயைத் திறந்தாள். “போன வருஷம் பல் டாக்டர் பலகையில கூட, பல வருட அனுபவம்ங்கிறது பல் வருட அனுபவம்னு ஆயிடுச்சு, அண்ணி. அதுவும் பொருத்தமாத்தான் இருக்குன்னு டாக்டர் விட்டுட்டாரு.”

அவர் மனைவியைப் பார்த்தார். இது அவருக்கே புதுச் செய்தி.

“அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது,” என்றாள் அக்கா. “மினுக்கம் எல்லாத்தையும் மொத்தமா எடுக்கச் சொல்லும்மா.”

அவர் எடுத்தார். ஒரே விசையில் இருபத்தாறு எழுத்தும் செத்துப்போயின. அக்கா குனிந்து பார்த்தாள்.

“இது என்ன, ஆபீஸ் லீவு நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

அவர் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“சரி, பழையபடி போடச் சொல்லு. ண-க்கு மட்டும் வேணாம்.”

“அப்படிப் போட முடியாதுன்னு சொல்லு,” என்றார் அவர். “எல்லா எழுத்துக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்துலேருந்துதான் வரணும். ண-க்கு மட்டும் இல்லன்னா அது இருட்டு ரூம்ல நிக்கிற மாதிரி இருக்கும். பொட்டைக் கீழ எறக்கணும்னா இருபத்தாறையும் மாத்தணும். வெளிச்சம் கீழேருந்து வரணும்.”

இவ்வளவு நீளத்தை மனைவியால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. “மாத்துறாராம்,” என்றாள்.

மணி மூன்றரை. உட்கார வராத அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக நீள்வட்டத்தை அடியில் வைத்து வெட்டினார். வெள்ளையைக் கீழிருந்து மேலாகக் கரையவிட்டார். ம முடிந்தது. வி முடிந்தது. ழா-வின் வாலில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. அக்காவின் நாற்காலி தானாகவே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து மின்னல் பொட்டு மட்டும் மிச்சம். ண-வின் இடது காலில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. வலது காலில் வைத்தார். அழுக்குப் பட்டதுபோல் இருந்தது.

“டேய், அந்தச் சுழிக்குள்ள வை,” என்றாள் அக்கா.

வாசற்படியில் நின்ற மனைவி தலையை நிமிர்த்தினாள். அவர் திரும்பவில்லை. திரும்பினால் அந்த ‘டேய்’ கலைந்துவிடும் என்று பயந்தார். பொட்டை முதல் சுழிக்குள் இறக்கினார்.

“இன்னும் கொஞ்சம் கீழ.”

இறக்கினார். சரியாக உட்கார்ந்தது. திரையில் இருந்த எல்லா எழுத்தும் ஒரே நேரத்தில் கலங்கி மினுங்கின. கண்ணைத் துடைத்த பிறகு அளவாகத்தான் மினுங்கின.

அக்கா வாய்விட்டு இரண்டு தரம் படித்தாள். மணவிழா வரவேற்பு. மனைவியையும் ஒரு தரம் படிக்கச் சொன்னாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தட்டி அச்சகத்துக்குப் போனது.

வாசலில் செருப்பை மாட்டியபடி, “பத்திரிகை தீர்ந்துபோச்சு,” என்றாள் அக்கா.

“பரவால்லக்கா.”

“என்ன பரவால்ல? சனிக்கிழமை தட்டி கட்ட ஆள் வேணும். காலைல ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு.”

“கட்டிட்டு?”

“கட்டிட்டு, நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு பொண்ணு பக்கத்துல வந்து நில்லு. மாமன் எங்கன்னு வரவங்க எல்லாம் கேப்பாங்க. ஊர்ல இல்லன்னு நான் எத்தனை பேர்கிட்ட பொய் சொல்றது?”

அவர் தலையை ஆட்டினார்.

அக்கா படியிறங்கித் தெருமுனை திரும்பினாள். திரும்பிய பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். மனைவிதான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.