அடிபம்புத் துப்பாக்கியும் விளக்கெண்ணெயும்

உலகத்தில் எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காத ஒரு துப்பாக்கியை நம்பி மக்காச்சோளம் விதைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் காட்டுப்பன்றிகளைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அவை தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. எங்கள் கூட்டத்தில் மூளை இல்லாமல் நடந்துகொண்டது நான் ஒருவன்தான்.

எங்கள் நிலம் சாணார்பட்டிப் பக்கம். மலையிலிருந்து இறங்கினால் பன்றிக்குப் பொடிநடைத் தூரம். முன்பு சுற்றிலும் வெள்ளாமை இருந்ததால் வந்த பன்றிகள் ஆளுக்கு ஒரு காடாகப் பிரித்துக்கொண்டு மேய்ந்தன. இப்போது பக்கத்துக் காட்டுக்காரர் விற்றுவிட்டார். அங்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஊன்றி, கலர்க்கொடி கட்டி, பிளாட் போட்டுவிட்டார்கள். பன்றி பிளாட்டைத் தின்னாது. மொத்தக் குடும்பமும் எங்களிடம் விருந்துக்கு வந்தது.

இரண்டு போகம் அப்படியே போனது. மூன்றாவது விதைப்புக்கு முன்னால் என் மனைவி, இதுவும் வீடு வந்து சேராவிட்டால் நிலத்தையும் பிளாட்டுக்கே கொடுத்துவிடலாம் என்றாள். சொன்னது அவள் என்பதுதான் என்னைக் கலக்கியது. பட்டா என் பெயரில் இருக்கிறதே தவிர, நிலம் அவளுடையது. களை எடுப்பது, தண்ணீர் கட்டுவது, மோட்டாரோடு சண்டை போடுவது எல்லாம் அவள். நான் வரப்பில் நின்று கருத்துச் சொல்பவன். அந்த வார்த்தையைச் சொல்ல அவள் எத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கினாளோ, எனக்குத் தெரியாது.

முந்தின இரண்டு போகத்திலும் காவலுக்கு நாங்கள் செய்யாதது இல்லை. அவளுடைய பழைய சுங்குடிச் சேலைகளை நாலு பக்கமும் வேலியாகக் கட்டினோம். பன்றிகள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தன. மனித வாடைக்கு ஓடும் என்றார்கள் என்று முடிவெட்டும் கடையிலிருந்து சாக்கு நிறைய முடி வாங்கிவந்து வரப்பில் தூவினேன். மனைவி என் தலையைப் பார்த்து, "நம்ம பங்குக்கு ஒண்ணும் போட முடியலையே" என்றாள். அடுத்த காற்றில் முடியெல்லாம் பிளாட்டுக்குப் பறந்தது.

அப்புறம்தான் அப்பாவின் துப்பாக்கி ஞாபகம் வந்தது, அதை நம்பி மூன்றாவது தடவையும் விதைத்தோம். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே குதித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அடிபம்பு அடிப்பதுபோல் இருப்பதால் ஊரில் அதற்கு அடிபம்புத் துப்பாக்கி என்றே பெயர். அப்பா வானத்தைப் பார்த்து ஒன்று போட்டால் பன்றி கொஞ்ச நாளைக்கு இந்தத் திசையையே மறந்துவிடும். அவருக்குப் பிறகு உரிமத்தை என் பெயருக்கு மாற்ற நான் நடந்த நடையை நிலத்தில் நடந்திருந்தால் உழவே தேவைப்பட்டிருக்காது.

தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை அங்கிருந்த ஏட்டு, தோட்டா எத்தனை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப இத எதுக்குண்ணே தூக்கிட்டு வந்தீக? உலக்கையவும் சேத்துக் கொண்டாந்திருக்கலாம்ல" என்றார். மதுரையில் துப்பாக்கிக் கடைக்காரர் என் காலிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவனுடைய பேரனுக்கே இப்போது பல் விழுந்திருக்கும் என்றார்.

அப்பா தோட்டாவைத் தானே நிரப்பிக்கொண்டவர். உரிமத்தில் அதற்கும் இடமுண்டு. பரணில் அவருடைய மரப்பெட்டி இருந்தது. பாக்குவெட்டி மாதிரி ஓர் இடுக்கி, ஈயம் வார்க்கும் அச்சு, பொம்மைத் தராசு, காலிப் பித்தளைக் கூடுகள், ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் கேப்பு. கேப்பு என்பது கூட்டின் அடியில் பதிக்கிற பொட்டளவுத் தொப்பி. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் பொறி கிளம்பும், அந்தப் பொறியில்தான் வெடிமருந்து பற்றும். மற்றதற்கெல்லாம் ஏதாவது ஒரு வழி உண்டு. கேப்புக்கு மட்டும் கிடையாது. டப்பாவில் இருந்ததுதான் கடைசி.

ஒரு மத்தியானம் அடுப்படி மேடையில் வேலையைத் தொடங்கினோம். சுட்ட கூடு உப்பியிருக்கும், அதை இடுக்கிக்குள் கொடுத்து நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் கூடே உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அவள் இடுக்கியைப் பிடிக்க, நான் குறடால் இழுக்க, தேரிழுப்பதுபோல் ஆனது. வழுக்குவதற்கு எண்ணெய் வேண்டும் என்றேன். எந்த எண்ணெய் என்று கேட்டாள். விளக்கெண்ணெய் என்றேன்.

"அதுக்கென்ன பஞ்சம், வீட்டுக்குள்ளயே நிக்கிதே" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

எண்ணெய் அருமையாக வேலை செய்தது. மற்ற கூடுகள் வெண்ணெயாக இறங்கின. வெற்றிக் களிப்பில் நான் பளபளக்கும் விரலோடு ஒவ்வொரு கேப்பாக எடுத்துப் பதித்தேன். மதுரையில் வாங்கிவந்த மருந்தை அளந்து போட்டது அவள். முடிந்த தோட்டாக்களை எவர்சில்வர் தட்டில் முறுக்கு அடுக்குவதுபோல் அடுக்கினாள். வெடிக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். திண்டுக்கல் வரை கேட்கும் என்றேன். அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் ஒன்று கூடுதலாக இருந்தது.

கதிர் பால் பிடித்திருந்த நேரம். பொழுது சாயும்போது அவை வந்தன, தாய் முன்னால், குட்டிகள் பின்னால், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. நான் துப்பாக்கியை வானத்துக்கு நிமிர்த்தி விசையை இழுத்தேன். டக் என்றது. ஒரு பன்றி தலையை நிமிர்த்திப் பார்த்தது, மரியாதைக்குத்தான். அடிபம்பை அடித்தேன். தோட்டா வெளியே குதித்தது. இழுத்தேன். டக். கடைசித் தோட்டாவரை டக்தான். பன்றிகள் சாப்பாட்டை நிறுத்தவில்லை.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து, தெறித்துக் கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் சேலைத் தலைப்பில் துடைத்து, என்னிடம் நீட்டினாள்.

"இன்னொருக்கா போட்டுப் பாருங்க."

போட்டேன். எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். கதிர் முறிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தேன். கேப்புக்குள் எண்ணெய் ஊறியிருந்தது. என் விரலில் இருந்து போன எண்ணெய். கலியாணமான நாள் முதல் அவள் என்னை விளக்கெண்ணெய் என்று சொல்லிவருகிறாள். அதை இப்படி நிரூபித்துக் காட்டுவேன் என்று நானே நினைத்ததில்லை. விஷயத்தை அவளிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். முறிந்து கிடந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தாள். ஒரு கதிரையாவது குனிந்து எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. அந்த நிலத்தில் அவள் குனியாமல் நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. நான் சொல்கிற சிரிப்பெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது.

ஒரு காலையில் வெற்று மேலோடு முற்றத்தில் உட்கார்ந்து, காலிக்கூடுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே, சென்னையில் ஒரு கடையில் கேப்பு இருக்கலாமாம், அடுத்த வெள்ளாமைக்குள் வாங்கிவிடலாம், இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன் என்றேன்.

"எடம் பாக்க வந்திருக்காக, சட்டையப் போட்டுட்டு வாங்க."