கறுப்புத் துணிக்குள் நேராகத் தெரிந்தவர்

பேய் பார்த்தேன் என்று யாராவது வந்தால், வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி அனுப்புகிறவன் நான். நிழலை விற்றுச் சோறு தின்கிறவன் நிழலுக்குப் பயப்படலாமா? சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பிரேசர் டவுனில் என் ஸ்டூடியோ. துரைமார் பங்களா ஏலங்களில் எடுத்த சிங்கக்கை நாற்காலி, நின்றுபோன கடிகாரம், சிவப்பு வெல்வெட் திரை. கூரைக் கண்ணாடியை மூடி ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தை ஒழுகவிட்டால், உட்கார்கிறவர் தாத்தா காலத்துக்கே போய்விடுவார். அப்படி ஒரு படத்துக்காகத்தான் அன்று மத்தியானம் மழையோடு வந்தார்கள்: ஆரோக்கியமேரி, அவள் மாமியார், புருஷன் சூசை. சூசை பர்மா சண்டையில் செத்ததாகத் தந்தி வந்து, கோயிலில் பூசையும் வைத்து முடித்த பிறகு திரும்பி வந்தவர்.

மாமியார் மகனுக்கு என் பழைய சரிகைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மேரி திரையோரமாக என்னருகே வந்து நின்றாள்.

"அண்ணா, உங்க கேமரா கண்ணாடில நல்லா உத்துப் பாருங்க. அது அவருதானான்னு. ஊரே அவருதான்னு சொல்லுது. எனக்கு மட்டும் பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு."

சூசை உட்கார, மேரி நாற்காலி பக்கத்தில் போய் நின்றாள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

எங்கள் பெட்டிக் கேமராவின் பின்கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் விழும், கலெக்டரானாலும் கைக்குழந்தையானாலும். திரை தலைகீழ். கடிகாரம் தலைகீழ். நாற்காலியும், அதன் பக்கத்தில் மேரியும் தலைகீழாகத் தொங்க, சூசை மட்டும், நம்பினால் நம்புங்கள், நேராக இருந்தார். தலை மேலே, பூட்ஸ் கீழே, கண் இமைக்காமல் என்னையே பார்த்தபடி.

வெளியே வந்தேன். நாற்காலியில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தார். மாமியார் மருமகளை அதட்டினாள்: "ஏண்டி, சாவு வீட்ல நிக்கற மாதிரி நிக்கற? ஸ்வல்ப, கொஞ்சமாச்சும் சிரிடி! தம்பி, நீயாச்சும் சொல்லுப்பா."

மறுபடி துணிக்குள் போனேன். அப்போதும் நேராகத்தான் இருந்தார். வெளியே சிரித்துக்கொண்டிருந்த அந்த முகம் உள்ளே சிரிக்கவில்லை.

வெளியே வந்து லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேரி என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"வீட்ல எங்க பாப்பா நேத்திலேருந்து அவர அப்பான்னு கூப்பிடுதுண்ணா," என்றாள் மெதுவாக. பிறகு கையைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள். "எடுங்க."

எடுத்தேன். அச்சுப் போட்டால் இருவரும் சரியாகவே விழுந்திருந்தார்கள். ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன், இன்றும் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. படம் பதிந்த கண்ணாடித் தகடு என்னிடமே தங்கிவிட்டது. அதைத் தலைகீழாகப் பிடித்தால் மேரி தலைகீழாகப் போகிறாள், நாற்காலி போகிறது. அவர் மட்டும் திரும்புவதில்லை. மேரிக்கு மட்டும் அதைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் மேரியைப் பார்ப்பேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். அவள் ஓரடி பின்தங்கி, என்னருகே வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்கிறாள்:

"தகடு உடையாம பாத்துக்குங்கண்ணா. பாப்பாவுக்கு அப்பா வேணும்."