பங்கோர் கடலின் சேறு

மலேசியாவின் லூமுட் துறைமுகத்திலிருந்து படகில் போய்க் கடலின் அடித்தரையை வரைபடமாக்குவது என் வேலை. ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து மேடு பள்ளங்களைத் திரையில் காண்போம். பிறகு இரும்புக் கவ்வியை இறக்கி அடிமண்ணை அள்ளுவோம். கவ்வியை இறக்கி ஏற்றுகிறவர் லகாட் என்ற ஊரில் குடியிருக்கும் ஓர் அண்ணன். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் பங்கோர் தீவைத் தாண்டி மண் அள்ளினோம். சோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடலில் கொட்டப் போனேன். அண்ணன் தடுத்தார்.

“தங்கச்சி, அதுல கொஞ்சம் எனக்கு வேணும்லா.”

“எதுக்கு அண்ணே?”

கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னார். அவருடைய தம்பி மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். இந்தப் பக்கம்தான் அந்தப் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள், தம்பி கிடைக்கவேயில்லை.

“கரைக்க சாம்பல்கூட இல்ல. அவன் சம்சாரம் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கு. சரியா சாப்புடறதுகூட இல்ல.”

ஒரு பிளாஸ்டிக் பையில் சேற்றை நிரப்பிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். தம்பியின் மனைவிக்கு என்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். போனபோது, தம்பியின் படத்துக்கு முன்னால் ஒரு சில்வர் கிண்ணத்தில் அந்தச் சேறு இருந்தது. மேலே ஒரு செம்பருத்திப் பூ. அந்த அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அங்க கீழ எப்படிம்மா இருக்கும்? ஒரே பாறையா?”

“பாறையே இல்லக்கா. நாங்க பாத்த வரைக்கும் எல்லாம் இந்தச் சேறுதான். மெத்துமெத்துன்னு.”

அவர் கிண்ணத்தில் விரல்களை மெல்ல அழுத்தினார். விரல்கள் உள்ளே இறங்கின.

“அவருக்கு வெறுந்தரை ஆவாது. பாய்க்கு மேல ரெண்டு போர்வ விரிச்சாதான் படுப்பாரு” என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, “இத அவருகிட்டயே கொண்டுபோயி விட்டுருவோம் மாமா” என்றார்.

அடுத்த வாரம் அண்ணன் தெரிந்தவரிடம் ஒரு சிறு படகு பேசினார். மூவரும் போனோம். அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து நீருக்குள் சாய்த்தார். சேறு புகைபோலப் பரவி, மெதுவாகக் கீழே போனது. அது மறையும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரைக்கு வந்ததும், “பசிக்குதுலா” என்றார் அக்கா. படகுத்துறைக்கு எதிரே இருந்த கடையில் அவர் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டார். அண்ணன் தன் தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.