சங்கின் அகாவின் சோற்றுக் கடன்

சங்கின் அகா நூற்று எண்பத்தொரு வீடுகளுக்கு ஒரு வேளைச் சோறு கடன்பட்டிருந்தார்.

பணக்கடன் என்று ஒரு காசு கிடையாது. வாங்கியதும் இல்லை, வாங்கப்போவதும் இல்லை. இது வேறு கடன். அகா, அதாவது அண்ணன் என்று ஊர் அழைக்கும் மரியாதையெல்லாம் பிறகு வந்ததுதான். பதின்மூன்று வயதில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக, ஆப்ரிகாட் ஏற்றிய லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு மலையிலிருந்து நவ்பஹோர் மஹல்லா என்கிற குடியிருப்பில் வந்து இறங்கினார். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இருபத்திரண்டு வயதில் ஹோசியத்தைக் கட்டிக்கொண்டபோது அவரிடம் இருந்தவை ஒரு போர்வையும் ஒரு லாரி உரிமமும்தான். அன்றைக்கு மஹல்லாவில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு கிண்ணம் அரிசி, இரண்டு கேரட் என்று வந்து குவிந்தது. அடுப்பு மூட்டியதும் அவர்கள், அண்டா கொண்டுவந்ததும் அவர்கள். தன் கல்யாணச் சோற்றை மாப்பிள்ளையே விருந்தாளிபோல உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவியதும் எழுந்து நின்று சொன்னார்: "என் பிள்ளை கல்யாணத்துல ஒரு வீடு விடாம உட்காரவெச்சுப் போடுவேன்."

சபையில் சொன்ன சொல். முப்பத்தெட்டு வருஷம் அதைச் சுமந்தார். அப்பன்மார் செத்து, பிள்ளைகள் தனித்தனியாகக் குடிபோக, நூற்றுப் பன்னிரண்டு வீடு நூற்று எண்பத்தொன்று ஆனது. வட்டி இல்லாத கடன்தான் இப்படிக் குட்டிபோடும் என்று சிரிப்பார். எந்த வீட்டையும் தாளில் எழுதி வைக்கவில்லை. தெருமுனை ரொட்டிக்கடையில் தொடங்கி வாய்க்கால் மதகு வரைக்கும் ஒவ்வொரு வாசலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நாலெழுத்து படித்தவர்களுக்குத்தான் நோட்டுப்புத்தகம் தேவை.

உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் லாரி ஏறாத கணவாய் கிடையாது. உள்நாட்டுச் சண்டை நடந்த வருஷங்களில், ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில், இந்த மஹல்லாவுக்கு மாவு மூட்டை கொண்டுவந்து சேர்த்தது அவர் லாரி. இருக்கிற வீட்டின் செங்கல் ஒவ்வொன்றும் அவரே மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தது. நிலநடுக்கம் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. விழுந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

ஒரே மகன் தில்ஷோத் ரஷ்யாவில் ஆறு வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பினான். பெண் பார்த்தாயிற்று. நாள் குறித்தாயிற்று. நாலு ஆடுகள் கொழுத்து நின்றன. மூன்று வருஷம் மூட்டையில் வைத்துப் பழசாக்கிய சிவப்பரிசி உள்ளறையில் காத்திருந்தது. அப்போதுதான் மஹல்லாத் தலைவர் ஹோலிக் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே வயது. சேர்ந்து சீட்டாடியவர்கள்.

"கையெழுத்துப் போடு சங்கின். நூத்தியம்பது பேர், மூணு மணி நேரம், அதுக்கு மேல ஒரு ஆள் கூடாது."

"எது நூத்தியம்பது? ஆடுங்களா?"

"விளையாடாதே. அதிபரோட சட்டம் இப்ப கெடுபிடியா அமலாகுது. விருந்து போட்டுப் போட்டு ஏழை ஜனங்க கடனாளி ஆகுதுன்னு அவருக்குக் கவலை."

சங்கின் அகா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் ஏழையா?"

"இல்ல."

"நான் கடன் வாங்குறேனா?"

"இல்லப்பா."

"கடனை அடைக்கிறேன்டா. முப்பத்தெட்டு வருஷக் கடன். கடனே கூடாதுன்னு சட்டம் போட்டவர் அடைக்கிறவனை ஏன் மறிக்கிறார்?"

ஹோலிக் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார். மஹல்லா அலுவலகச் சுவரில் அதிபர் படம் இருக்கிறது. அதற்கு ஆணி அடித்தது சங்கின் அகாதான். மற்றவர்கள் அடித்த ஆணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்த சுவர் அது. மறுநாள் அங்கே போய், வணக்கம்கூடச் சொல்லாமல் படத்துக்கு நேராக நின்றார்.

"ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் ஆளா வந்து உங்களுக்குத்தான் போட்டேன். ரோட்டுப் பக்கச் சுவரெல்லாம் ஒரே நிறமா அடிங்கன்னீங்க, அடிச்சேன். நீங்க வர்றீங்கன்னு காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் வெயில்ல நிக்கவெச்சாங்க, நின்னேன். உங்க கார் கண்ணாடியைக்கூட இறக்கல. அதுவும் போகட்டும். எங்க வீட்டு அண்டாவுக்குள்ள எட்டிப் பார்க்குறீங்களே, அது எதுக்கு? நாடு நடத்துற மனுஷனுக்கு வேற வேலை இல்லையா?"

ஹோலிக் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாடா, யாராவது கேட்டா என் வேலை போயிரும்."

"உன் வேலையைக் காப்பாத்தத்தான் கதவைச் சாத்துறே. என் வாக்கைக் காப்பாத்த எதைச் சாத்துவே?"

அன்று சாயங்காலம் கணவனும் மனைவியும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நூற்றைம்பதில் பெண் வீட்டார் எழுபது. சொந்தக்காரர்கள் அறுபது. மீதி இருபது பேர். நூற்று எண்பத்தொரு வீட்டில் இருபது பேர்.

"ரொட்டிக்கடை சலோமத்தை விட்டுரலாம்," என்றார் அகா. "அவன் நெசமாவே வாயாடி."

"நான் தில்ஷோத்தைப் பெத்தப்போ நாப்பது நாள் பால்கஞ்சி கொண்டுவந்தது அவன் பொண்டாட்டி," என்றாள் ஹோசியத்.

"சரி, மதகு வீட்டுக்காரன்."

"நீங்க பனிச்சரிவுல மாட்டிக்கிட்டப்போ மண்வெட்டியோட முதல்ல கிளம்பினவன்."

"அப்ப தையற்காரி?"

ஹோசியத் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு வாசலைக்கூடக் கழிக்க முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையை அவள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை.

"ஃபைன் எவ்வளவுன்னு கேட்டுட்டு வர்றேன்," என்றார் கடைசியில். "ஒரே அடியா கட்டிட்டு ஊரையே கூப்பிட்டுருவோம்."

மறுநாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலாயிரம் சோமோனிப் பணத்தை உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு, மாவட்ட அலுவலகம் போனார். சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

"அபராதம் கட்ட வந்திருக்கேன்மா."

"என்ன தப்பு, அகா?"

"இன்னும் பண்ணல. பதினெட்டாம் தேதி பண்ணுவேன். நானூறு பேருக்குச் சோறு போடப்போறேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "பண்றதுக்கு முன்னாடி கட்ட முடியாது. முதல்ல பண்ணிட்டு வாங்க."

"பண்ணினப்புறம் வந்தா நான் குற்றவாளி. முன்னாடியே கட்டினா வாடிக்கையாளர். எது நல்லது, நீயே சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்த அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு ஃபைனோட போயிரும் அகா. மஹல்லாத் தலைவருக்கு அப்படி இல்ல. அவரை அன்னைக்கே வேலையை விட்டு எடுத்துருவாங்க. பென்ஷனுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு அவருக்கு. பார்த்துக்குங்க."

சங்கின் அகா ஏறாத கணவாய் இல்லை என்று சொன்னேன். இதில் ஏற முடியவில்லை. பஸ்ஸில் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஹோலிக் வயித்துல அடிச்சு நான் வாக்கைக் காப்பாத்த வேண்டாம்," என்றார். "நூத்தியம்பதே இருக்கட்டும். எழுதிக் குடுத்துரு."

ஹோசியத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படிவத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் எட்டாம் வகுப்பு. வீட்டில் படித்த ஆள் அவள்தான்.

"சட்டுனு எழுதிக் குடுத்துர்றேன்," என்றாள். "தில்ஷோத்தோட அப்பா, இதுல விருந்தாளிக்கு இடம் போட்டிருக்கான். சமையற்காரன், பாட்டுக்காரன், படம் பிடிக்கிறவன், எல்லாருக்கும் இடம் இருக்கு. கேரட் நறுக்க வர்றவங்களுக்கு இடமே இல்லையே."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கம்பக்கத்தார் கத்தியோடு வந்து ஓஷ் என்னும் கல்யாணச் சோற்றுக்குக் கேரட் நறுக்குவது எல்லா வீட்டிலும் நடப்பது. கூப்பிடுவதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. அவர்கள் வேலைக்காரர்களும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. மூச்சுவிடுவதைச் சட்டத்தில் எழுத மறந்ததுபோல இதையும் எழுத மறந்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களுக்கு ஒரு அண்டா சோறு போடுவதும் வழக்கம்தான்.

அகா கோட்டைக் கழற்றினார். "எத்தனை கிலோ கேரட்?"

"அம்பது கிலோ."

"நானூறு பேருக்கு ஆளுக்கு ஒண்ணுதான் வரும்."

"ஒண்ணை நிதானமா நறுக்கட்டும்."

யாரும் யாருக்கும் அழைப்பு வைக்கவில்லை. ரொட்டிக்கடையில் ஹோசியத் ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். சலோமத் வாயாடியாக இருந்ததன் பலன் அன்றைக்குத் தெரிந்தது. பதினேழாம் தேதி மத்தியானம் வீட்டுக்கு வீடு கத்தியும் பலகையுமாகக் கிளம்பினார்கள். முற்றம் நிறைந்தது. தெரு நிறைந்தது. திராட்சைப் பந்தலின் கீழ், வாய்க்கால் கரையில், அடுத்த வீட்டு வாசலில், எங்கு பார்த்தாலும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கேரட்டை ஊசிபோல நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தியே இல்லாத தையற்காரி கத்தரிக்கோலோடு வந்திருந்தாள்.

"இப்படி நறுக்கினா பேத்தி கல்யாணம் வந்துரும்," என்றான் மதகு வீட்டுக்காரன்.

"உன் கேரட்டைப் பாரு, விறகு பிளந்த மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

ஹோலிக்கும் வந்தார், கத்தியோடு. ஆனால் முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே மாவட்ட ஆய்வாளர் முஹிப் வந்துகொண்டிருந்தான். கழுத்தில் அட்டை, கையில் ரசீதுப் புத்தகம். வெளியூர்ப் பையன், முப்பது வயதிருக்கும். உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தான். இருநூற்றுப் பத்தில் ஒரு கிழவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார். மறுபடி முதலில் இருந்து.

"யார் இவங்க எல்லாம்?"

"கேரட் நறுக்க வந்தவங்க," என்றார் சங்கின் அகா.

"இத்தனை பேரா?"

"உங்க ஊர்ல எப்படி? கேரட் தானாவே நறுக்கிக்குமா?"

முஹிப் கேரட் குவியலைப் பார்த்தான். அவன் கல்யாணத்துக்கும் யாரோ வந்து நறுக்கித்தான் இருப்பார்கள். ஹோசியத் அவன் கையில் ஒரு கத்தியும் கேரட்டும் கொடுத்தாள். "நின்னுக்கிட்டு எண்ணினா தப்பாத்தான் வரும் தம்பி. உட்காருங்க." அவன் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அண்டா திறந்தது. சங்கின் அகா யாரையும் தட்டைத் தொட விடவில்லை. மகனைக்கூட விடவில்லை. ரொட்டிக்கடையில் தொடங்கி மதகு வரைக்கும், அந்த வரிசையிலேயே, ஒவ்வொரு வீட்டார் முன்னாலும் குனிந்து, அவர்கள் சேர்ந்து சாப்பிட ஒரு தட்டை வைத்தார். பேசிப் பேசியே வளர்ந்த மனிதர், அன்று ஒரு பெருமையும் பேசவில்லை. "எடுத்துக்குங்க," என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நூற்று எண்பத்தோராவது தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹோசியத் ஓடிவந்து தாங்கினாள். "போதும், முடிஞ்சிருச்சு," என்றாள் காதோரமாக. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். அடுப்பு அந்தப் பக்கமே இல்லை.

முஹிப் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான். ஹோலிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெறும் புத்தகத்தோட போனா என்னை விடமாட்டாங்க, அகா," என்றான் மெதுவாக. "மேல உள்ளவங்களுக்கு அவங்களுக்கு மேல உள்ளவங்க பயம். அப்படியே போகுது அது." சுற்றுமுற்றும் பார்த்தான். வாய்க்கால் தண்ணீரில் கேரட் தோல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவன் முகம் தெளிந்தது. "பொது வாய்க்கால்ல குப்பை போட்டது. இருநூறு சோமோனி. கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தலைவருக்கும் சம்பந்தம் இல்ல."

"எழுது," என்றார் சங்கின் அகா. "பேரை முழுசா எழுது. ரசீதைப் படிக்கிற ஆளுங்க மேல வரைக்கும் இருக்காங்களா?"

"யாரு படிப்பாங்க, தெரியாது."

"படிக்கட்டும். நவ்பஹோர்ல சங்கின்னு ஒருத்தன் ஊருக்கே சோறு போட்டான், கேரட் தோல்தான் மிச்சம்னு தெரிஞ்சுக்கட்டும்."

கோட்டைக் கொண்டுவரச் சொன்னார். உள்பைத் தையலைத் தையற்காரி தன் கத்தரிக்கோலால் பிரித்துக் கொடுத்தாள். தெருவே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முஹிப் கையை நீட்டினான். கேரட் சாறு பட்டு உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. சங்கின் அகா எச்சில் தொட்டு, கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி உரக்க எண்ணி, இருபது இருபதாகப் பத்துத் தாள்களையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.