சொட்டுவதற்கும் ஒரு இடம் வேணும்

ஒத்தக்கடையில் புதுசாக் கட்டிய வீடு. கீசர் ரிப்பேர் பார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்த பாண்டி, "அண்ணே, கீசர் உறுமுது. தங்கச்சி பிரசவம் முடிஞ்சு இப்பத்தான் வந்திருக்கு. பிள்ளைய குளிப்பாட்டணும், சத்தத்த மட்டும் நிப்பாட்டுங்க" என்றான்.

குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன். கீசருக்கு அடியில் ரிலீஃப் வால்வின் வாயில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விடுகிற வாசலே அதுதான்.

"யாரு தம்பி கட்டுனது?"

"நான்தாண்ணே. எந்நேரமும் சொட்டுச்சு. தண்ணி சொட்டுற வீட்டுல காசு தங்காதும்பாங்கள்ல."

"சொட்டலைன்னா வீடே தங்காதுய்யா."

சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டும் இறுகிக்கொண்டு, தண்ணீர் நிற்காமல் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே இருந்த ஸ்விட்சை அணைத்தேன். குழாயைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். கம்பியை அவிழ்த்தால் கொதிதண்ணீரே பாயும், அதைவிட மோசம். ஆறுகிற வரை கிட்டேயே போகக்கூடாது. "எல்லாரும் வெளிய போங்க" என்று சத்தம் போட்டேன்.

கைப்பிள்ளையோடு வாசலுக்கு வந்த தங்கச்சி என்னைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, எங்களப் போகச் சொல்லிட்டு நீங்க முன்னாடியே வந்து நிக்கிறீங்க?" என்றாள்.

"வழி காட்டணும்லம்மா."

நன்றாக ஆறியபிறகு உள்ளே போய்க் கம்பியை அவிழ்த்தேன். போர் தண்ணீரின் உப்பு வால்வுக்குள் சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. புது வால்வு, புது தெர்மோஸ்டாட் போட்டேன். வால்வின் லீவரைத் தூக்கிச் சோதித்தேன். தண்ணீர் நேராக என் முகத்துக்கே வந்தது. இம்புட்டு ஒழுங்காக எந்த வால்வும் எனக்குப் பதில் சொன்னதில்லை. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட்டும் சொன்ன இடத்தில் கட் ஆனது.

"மாசம் ஒருக்கா, தண்ணி ஆறிக் கெடக்கும்போது லீவரத் தூக்கி விடு. உப்பு பிடிக்காது" என்றேன்.

பாண்டி வால்வையே பார்த்தான். "திரும்பச் சொட்டுதேண்ணே."

சூடேறினால் தண்ணீர் விரியும், அழுத்தம் கூடும், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவன் கண் கம்பிச் சுருள் மேலேயே இருந்தது. கடைசியில் வால்வின் வாயில் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மடங்காமல் கீழ்நோக்கியே சுவர் வழியாக இறக்கி, கொல்லை வாழை மூட்டில் விட்டேன்.

"வாழைக்குப் போகுதா? அப்ப சரிண்ணே" என்று கம்பியைத் தூக்கி அவனே குப்பையில் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குள்ளிருந்து பிள்ளை வீல் வீலென்று கத்தியது. குளிக்கப் பிடிக்காத பிள்ளையின் கத்தல் அன்றைக்கு எனக்கு அம்புட்டு இனிமையாக இருந்தது.

புதுசாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வால்வை மாற்றுவது பாதி வேலைதான். சொட்டுகிற தண்ணீருக்குப் போக ஒரு நல்ல இடம் காட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் அதன் வாயை யாரும் கட்டமாட்டார்கள்.