டார்க் லிங்க்கில் குங்குமம்

மீனம்பாக்கம் விமான ஹேங்கரில், 'பறக்கலாம்' என்று நான் தனியாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்து மூன்று வாரம். எண்பதுகளின் கடைசி. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மழையில் இறங்கிய எட்டு சீட் விமானம் ஒன்று ரன்வேயை விட்டு விலகிச் சேற்றில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. பைலட்டின் ஒரு ஷூ மட்டும் சேற்றோடு போனது.

இழுத்து வந்து ஜாக்கியில் தூக்கினோம். டயர், பிரேக், ஆயில் கசிவு எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் டார்க் லிங்க். சக்கரம் திரும்பிவிடாமல் நேராகப் பிடித்துக்கொள்ளும், கத்தரிக்கோல் மாதிரி இணைப்பு அது. பக்கவாட்டில் போனால் முதல் அடி அதற்குத்தான். பெயின்ட்டை எடுத்துவிட்டு, சிவப்புத் திரவம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை ஸ்ப்ரே அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெளியே வரும்.

வந்தது. தலைமுடி கனத்தில் ஓர் அங்குலம்.

சீஃப் இன்ஜினியர் குனிந்து பார்த்தார். நாலு மணிக்கு அதே விமானத்தில் ஆறு பேர் மதுரைக்குக் கிளம்ப வேண்டும்.

"முந்தாநேத்து பூஜைக்கு... இல்ல, நேத்துதான். இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

மெக்கானிக் தயாளன், அனகாபுத்தூர்க்காரன், கை தூக்கினான். "நான்தான் சார். ஒரு சக்கரம்கூட உடல."

"அப்ப இது குங்குமம். கையெழுத்தப் போடுப்பா."

"குங்குமம் கோடு போடாது சார்."

"தயாளன் வச்சா போடும். போன வருஷம் என் சேருக்கே வச்சான். பேன்ட் போச்சு."

தயாளன் என் காதருகே வந்தான். "அண்ணா, குங்குமம்னே எழுதிடு. எனக்கு ஒரு மெமோதான் வரும். இல்லாங்காட்டி உனக்கு வேலையே பூடும்."

பேனாவைத் திறந்துவிட்டேன், பொய் சொல்வானேன். 'கண்ணு தப்பவிட்டாலும் கையெழுத்து தப்பவிடாது' என்று எங்கள் ஸ்டோர்காரர் சொல்வார். மூடினேன்.

"இன்னொரு தடவை துடைச்சிட்டுப் பாக்கறேன் சார்."

துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தோம். மறுபடி சிவப்பு, மறுபடி ஊறல், மறுபடி ஸ்ப்ரே. சீஃப் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் வாட்சைப் பார்த்தார்.

அதே இடம். அதே கோடு.

முதலில் வாய் திறந்தவன் தயாளன்தான். "சார், நான் பொட்டு ஒரு தபாதான் வெச்சேன். இது ரெண்டாவது தபா வந்துகீது."

சீஃப் போனை எடுத்தார். அந்த ஆறு பேரும் ரயிலில் போனார்கள், திட்டிக்கொண்டே. இணைப்பைக் கழற்றினோம். விரிசல் மறுபக்கம்வரை போயிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: துடைத்தால் போவது அழுக்கு. துடைத்தும் வருகிறதா, யார் சொன்னாலும் பேனாவை மூடு.

அடுத்த வருஷ பூஜைக்குத் தயாளன் சக்கரங்களுக்குச் சந்தனம் மட்டும் வைத்தான். மிச்சமான குங்குமம் எங்கே என்று சீஃப் கேட்கவில்லை. உட்காருமுன் நாற்காலியைத் துடைத்தார். இரண்டு தடவை.